ஒன்பதாம் நம்பர் ஜெர்சி யாருக்கு?

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டாக்காவில் நம்ம இந்தியக் கால்பந்து அணி பங்களாதேஷிடம் தோற்ற ராத்திரியிலிருந்து எங்கள் கடைத்தெருவில் இரண்டு கட்சி சார். கோச் காலித் ஜமீலைத் தூக்கிவிட்டு மறுபடி வெளிநாட்டுக் கோச்சைக் கொண்டு வரணும் என்பது மச்சான் கட்சி. நம்ம ஆள் ஒருத்தர் வந்து நாலு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள தூக்கச் சொன்னா எப்படி என்பது எங்க கட்சி. மச்சானும் நானும் பேசியே பல நாள் ஆச்சு. நீங்க பி.டி. மாஸ்டரா இருந்தவர், ஒரு தீர்ப்புச் சொல்லுங்க."

தம்பி, தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. பாம்பனிலிருந்து ஏர்வாடி வரைக்கும் கடற்கரைப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷம் விசில் ஊதியவன், அவ்வளவுதான். ஆனாலும் நீங்களும் மச்சானும் மீன் இல்லாத பக்கம் வலை விட்டுக்கொண்டு சண்டை போடுகிறீர்கள் என்று படுகிறது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் கணக்கு. 2027-ல் சவூதியில் நடக்கும் ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில், 2025 நவம்பரில் டாக்கா ஆட்டம் முடிந்தபோது இந்தியா 5 ஆட்டம் ஆடியிருந்தது. 2 புள்ளி. வாங்கிய கோல் 5, போட்ட கோல் 2. வாங்கிய கோலைக் கவனியுங்கள்: ஷில்லாங்கில் பங்களாதேஷிடம் ஒன்றும் வாங்கவில்லை, ஹாங்காங்கில் கடைசி நிமிஷப் பெனால்டியில் ஒன்று, சிங்கப்பூர் போய் ஒன்று, கோவாவில் அதே சிங்கப்பூரிடம் இரண்டு, டாக்காவில் ஒன்று. தடுப்பு அப்படியொன்றும் ஓட்டைப் பானையாக இல்லை. ஐந்து ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கும் அணி, எதிர்ப்பக்கம் ஆட்டத்துக்கு ஒன்றரைக் கோல் போட்டாலே குரூப்பில் முதலிடத்துக்குப் போட்டி போடும். நாம் போட்டது இரண்டே இரண்டு. அதற்கு முன்னால் 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்று பேரிடமும் தோற்றோம். அங்கே போட்ட கோல் சைபர்.

இந்தக் கணக்கில் மூன்று கோச்சுகள் அடக்கம். மூன்று பேருக்கும் ஆட்டமுறை வேறு, குணம் வேறு, பாஸ்போர்ட் வேறு. கோல் வறட்சி மட்டும் ஒன்றுபோல.

கோச்சுகள் மேல் தப்பே இல்லை என்று சொல்லவரவில்லை. ஒவ்வொருவரிடமும் எனக்குக் குறை உண்டு.

இகோர் ஸ்டிமாச், 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர். 2019-ல் வந்தார். 2023-ல் இம்பாலில் முத்தரப்புக் கோப்பை, புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூரில் தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பை என்று வரிசையாக வென்றபோது அணி உலகத் தரவரிசையில் 99-க்கு வந்தது. அன்றைக்கு உங்கள் கடைத்தெருவில் வெடி போட்டிருப்பீர்கள். மூன்றும் சொந்த மண்ணில் ஆடியவை என்பதை யாரும் அப்போது நினைக்கவில்லை, நானும்தான். அடுத்த வருஷம் மார்ச் மாதம் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆட குவாஹாத்திக்கு ஆப்கானிஸ்தான் வந்தது. முக்கிய வீரர்கள் பலர் சொந்த சங்கத்தோடு தகராறு செய்துகொண்டு வராமல் போன அணி. நம் கேப்டன் சுனில் சேத்ரிக்கு 150-வது ஆட்டம். பெனால்டியில் கோல் போட்டு முன்னிலையும் கொடுத்தார். 70-வது நிமிஷம் ஒன்று, 88-ல் ஒன்று வாங்கி 1-2 என்று தோற்றோம்.

எல்லோரும் தோஹாவைச் சொல்லித்தான் அழுகிறார்கள். 2024 ஜூன் 11, அதே தகுதிச்சுற்றில் கத்தாரோடு கடைசி ஆட்டம், நம் சாங்டே கோலில் 1-0 முன்னிலை. 73-வது நிமிஷத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்துக் கத்தார்க்காரர்கள் கோலாக்கினார்கள், நடுவர் ஒப்புக்கொண்டார். மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி வாரம் அது, பையன்கள் எல்லாம் கரையில் இருந்தார்கள். தோஹாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் என் பழைய மாணவன் ஸ்டேடியத்திலிருந்து போன் போட்டு, "சார், வெளிய போச்சு சார், நான் பார்த்தேன் சார்" என்று தொண்டை அடைக்கக் கத்தினான். நியாயம்தான், அநியாயமான கோல்தான். ஆனாலும் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். குவாஹாத்தியில் ஆப்கானை ஜெயித்திருந்தால், தோஹாவில் தோற்றாலும் நமக்கு 8 புள்ளி, குவைத்துக்கு 7; நாம் அடுத்த சுற்றில். அந்த ஆறு ஆட்டத்தில் இந்தியா போட்டது மொத்தம் 3 கோல். ஒப்பந்தம் இன்னும் பாக்கியிருக்கும்போது ஸ்டிமாசை நீக்கி, ஏறத்தாழ 4 லட்சம் டாலர் கொடுத்து கணக்கு முடித்தார்கள். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்: தூக்குவதற்கும் காசு வேண்டும்.

அடுத்து மனோலோ மார்க்கேஸ். நல்ல கோச், நாட்டின் பெரிய கிளப் லீக்கான ஐ.எஸ்.எல்.லில் ஹைதராபாத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவரைத் தேசிய அணிக்கு எடுத்துக்கொண்டே, கோவா கிளப்பையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு தோணிக்கு ஒரே தண்டல், அதாவது ஒரே ஓட்டி. எங்கள் பக்கத்தில் அப்படி ஒருத்தன் கேட்டால் காற்றுப் பக்கம் போகச் சொல்லிவிடுவார்கள். 8 ஆட்டம் ஆடியதில் ஜெயித்தது ஒன்று, மாலத்தீவோடு. அந்த ஆட்டத்துக்கும் 40 வயது சேத்ரியை ஓய்விலிருந்து திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. அவரும் வந்து ஒரு கோல் போட்டுவிட்டுத்தான் போனார்.

காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்றார். 2012-க்குப் பிறகு சீனியர் அணிக்கு வந்த முதல் இந்தியக் கோச். குவைத்தில் பிறந்தவர், உங்கள் ஊர்க்காரர்கள் அதற்காகவே அவரைச் சொந்தக்காரராக்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 2016-17-ல் ஐஸ்வால் என்ற சின்ன மலையூர்க் கிளப்பை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். முந்தின வருஷம்தான் அந்தக் கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கி, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டிருந்தது. அவருடைய ஆட்டமுறை நேரானது: பின்னால் கூட்டமாக நில், நீளப் பந்து போடு, கார்னரிலும் த்ரோவிலும் ஆளை நிறுத்தி அடி. முதல் ஆட்டத்திலேயே தஜிகிஸ்தானை அதன் மண்ணில் 2-1 என்று வென்றார். ஓமனோடு 1-1 ஆகி, பெனால்டியில் ஜெயித்தார்.

அந்தத் தஜிகிஸ்தான் ஆட்டத்தில் கோல் போட்டவர்கள் யார் தெரியுமா? அன்வர் அலி, சந்தேஷ் ஜிங்கன். இரண்டு பேரும் சென்டர் பேக், தடுப்பின் நடுவில் நிற்பவர்கள். அதற்கு முந்தின நவம்பரில் மலேசியாவோடு 1-1 ஆனபோது நம் கோலைப் போட்டது ராகுல் பேக்கே, அவரும் தடுப்பு ஆட்டக்காரர். மாலத்தீவுக்கு எதிரான முதல் கோலும் அவருடையதே. வீட்டுக் காவலாளி கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து சமைத்தும் போடுகிறார் என்றால், அந்த வீட்டில் சமையலுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம்.

இதுதான் நான் சொல்லவந்தது. இந்திய அணியில் ஒன்பதாம் நம்பர், அதாவது முன்னால் நின்று கோல் போடும் ஸ்டிரைக்கர் என்கிற இடமே காலி. சேத்ரி 95 கோல் போட்டு அந்தக் காலியிடத்தை இருபது வருஷம் மறைத்து வைத்திருந்தார்.

ஏன் காலி? ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியது. 2024-25 வரை 11 சீசன். ஒவ்வொரு சீசனிலும் அதிக கோல் போட்டவருக்குத் தங்கக் காலணி கொடுக்கிறார்கள். பதினொன்றில் ஒன்றுகூட இந்தியனுக்குப் போகவில்லை. முதல் இரண்டும் நம் சென்னையின் எப்.சி.க்கு ஆடிய எலானோ, மெண்டோசா இருவருக்கும் போயின. நாமும் கைதட்டினோம். கடைசியாக 2024-25-ல் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியின் மொராக்கோக்காரர் அஜராயே 23 கோல். இந்தியர்களில் அந்த சீசனில் அதிகம் போட்டவர் யார்? 14 கோலோடு, மறுபடியும் சேத்ரி. காசு கொட்டும் கிளப் முதலாளிக்குக் கோல் உடனே வேண்டும். அதனால் வெளிநாட்டு இடங்களில் முதல் இடம் ஸ்டிரைக்கருக்கு. நம் பையன் விங்கில் ஓடுவான், இல்லை 75-வது நிமிஷத்தில் இறங்குவான். நெருக்கடியில் கோல்கீப்பருக்கு எதிரே நின்று அடித்துப் பழகுவது எப்போது? ஹாங்காங்கில் காலியான கோலுக்கு முன்னால் பந்து கிடைத்தும் வெளியே போனதே, அன்று நான் ஆஷிக்கைத் திட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு சீசனில் எத்தனை முறை அவர் நின்றிருப்பார் என்றுதான் யோசித்தேன்.

ஐரோப்பாவிலும் வெளிநாட்டுக்காரன்தானே ஆடுகிறான் என்று மச்சான் கேட்பார். ஆடுகிறான். அங்கே அதற்குக் கீழே மூன்று, நான்கு டிவிஷன் இருக்கிறது, உள்ளூர்ப் பையன் வாரா வாரம் அங்கே ஆடிவிட்டு வருகிறான். ஜப்பானில் முதல் டிவிஷனில் 20 அணி, ஒரு கிளப்புக்கு 38 லீக் ஆட்டம். நம் ஐ.எஸ்.எல்.லில் 2024-25-ல் 13 அணி, ஆளுக்கு 24 ஆட்டம்.

அந்த 24-ம் 2025-ல் நின்றுபோனது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடியும் தறுவாய். ஜூலையில் சீசனை நிறுத்தி வைத்தார்கள். லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது ஏப்ரல் 12. அக்டோபர் 14-ல் கோவாவின் பதோர்டாவில் சிங்கப்பூரோடு மோதியபோது நம் பையன்களுக்கு ஆறு மாதமாக லீக் ஆட்டம் கிடையாது. ராமேஸ்வரத்தில் விசைப்படகு 61 நாள் தடைக்காலத்தில் கரையேறி நிற்கிறது. அந்த நாளில் படகுக்காரன் சும்மா இருக்கிறானா? பலகை மாற்றுவான், பெயின்ட் அடிப்பான், இன்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டுவான். அப்படியும் 62-வது நாள் கடலுக்குப் போனால் பாதி வழியில் இன்ஜின் இருமும். ஆறு மாதம் நின்ற படகை அப்படியே தள்ளி இறக்கிவிட்டு, மீன் எங்கே என்று தண்டலைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அன்று 14-வது நிமிஷம் சாங்டே அழகாக ஒன்று போட்டார். 44-ல் ஒன்று, 58-ல் ஒன்று என்று சாங் உய் யங் இரண்டு போட்டுக் கதையை முடித்தார்.

ஜமீலுக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூரில் முதல் ஆட்டத்தில் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கியபின் பத்துப் பேரோடு போராடி, 90-வது நிமிஷம் ரஹீம் அலி போட்ட கோலில் டிரா செய்தார்களே, அந்த முறுக்கு பதோர்டாவில் முன்னிலை எடுத்தபின் காணாமல் போனது. ஒரு கோல் அடித்ததும் பின்வாங்குவது அவருடைய பழக்கம். கிளப்பில் அது செல்லும், ஏனென்றால் அங்கே முன்னால் ஒரு வெளிநாட்டுக்காரன் தனியாக நின்று இரண்டாவது கோலைப் போட்டுவிடுவான். தேசிய அணியில் அந்த ஆள் இல்லை என்பதை அவர் தாமதமாகப் புரிந்துகொண்டார் என்பது என் எண்ணம். டாக்காவில் 11-வது நிமிஷம் மொர்சாலின் போட்ட ஒரே கோலை மீதி எண்பது நிமிஷமும் திருப்ப முடியாமல் நின்றதும் அதனால்தான். 2003-க்குப் பிறகு பங்களாதேஷிடம் முதல் தோல்வி, தரவரிசை 142.

வெளிநாட்டுக் கோச்சா, உள்ளூர்க் கோச்சா என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் உஸ்பெகிஸ்தான். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் நடுவே, 2025 ஜனவரியில், ஸ்லோவேனியாக் கோச் கட்டனெச் உடல்நிலையால் விலகினார். உள்ளூர்க்காரர் கபாட்சே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜூனில் முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதி பெற்றபின் இத்தாலிக்காரர் கன்னவாரோவைக் கொண்டு வந்தார்கள். மூன்று பேர் மாறினாலும் தோணி ஒரே திசையில் போனது. 2023-ல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையும், 2025-ல் 17 வயதுக்குட்பட்டோர் கோப்பையும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. நமக்கு 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வாங்கிக் கொடுத்த ரஹீம் சாகிப் ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியர். (பி.டி. மாஸ்டர்களுக்கு அவர் பேரைச் சொன்னாலே கொஞ்சம் நெஞ்சு நிமிரும், மன்னிக்கவும்.) ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோலை 1960-ல் ரோமில் பெருவுக்கு எதிராகப் போட்டவர் தமிழ்நாட்டுக்காரர், சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு ஒலிம்பிக் பக்கமே போகவில்லை.

வெளிநாட்டில் பிறந்த இந்திய வம்சாவளியினரை எடுத்தால் சரியாகிவிடுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பங்களாதேஷுக்கு இங்கிலாந்தில் பிறந்த ஹம்சா சௌத்ரி வந்து என்ன மாற்றம் தெரிந்தது என்று எல்லோரும் பார்த்தோம். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. ஆட்டக்காரர் ரயன் வில்லியம்ஸ் தன் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுத்தான் இந்தியராக வேண்டியிருந்தது. எத்தனை பேர் அப்படி வருவார்கள்? வந்தால் நல்லது, நம்பி உட்கார முடியாது.

இப்போது நம் கடற்கரைக்கு வருகிறேன். டெல்லியைத் திட்டுவது சுலபம்.

எங்கள் பள்ளிக்கூட ஆட்டம் எப்படி? குறுவட்டப் போட்டி, அப்புறம் மாவட்டம், அப்புறம் மாநிலம். எல்லாம் நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த வருஷம் முடிந்தது. நான் பணியில் இருந்த காலத்தில் நல்ல பையன் ஒருவனுக்கு வருஷத்தில் நாலைந்து ஆட்டம் கிடைத்தால் அதிகம். மீதி நாள் சீமைக்கருவேல முள் குத்திப் பஞ்சர் ஆன பந்தோடு மணலில் ஓடுவான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூக்கி அடித்த பந்து எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது; அதனால் எங்கள் பையன்கள் பந்தைத் தரையோடு வைத்து ஆடுவதில் கெட்டி, தலையால் அடிப்பதில் மட்டம். அப்படியும் வருகிறார்கள். கண்டனூர் சிவசக்தியைப் பாருங்கள், காரைக்குடிப் பக்கம், நமக்கு எட்டிப்பிடிக்கும் தூரம்; பெங்களூரு எப்.சி.க்கு முன்வரிசையில் ஆடுகிறார். பெண்கள் பக்கம் இன்னும் நன்றாக இருக்கிறது: மதுரை சேது எப்.சி. 2018-19-ல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. 2025 ஜூலையில் பெண்கள் அணி தாய்லாந்து போய் 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே, அதைப் பற்றி உங்கள் கடைத்தெருவில் ஒரு கட்சிகூட இல்லையா தம்பி?

பள்ளிக்கூடம் விட்டால் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை. படகுப் பையன்கள் கரையில், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் கையில் காசு. ஊருக்கு ஊர் ராத்திரி லைட் போட்டுப் போட்டி. எனக்கு இதைவிடச் சந்தோஷமான மாதங்கள் கிடையாது. ஆனால் அங்கே என்ன நடக்கிறது? கமிட்டிக்குக் கோப்பை வேண்டும். கேரளாவிலிருந்து இரண்டு பேர், சென்னையிலிருந்து ஒருத்தர், ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டி வருவார்கள். வருகிறவர்கள் எல்லாம் பார்வர்டு. நம் பையன் பின்னால் நிற்பான், அல்லது தண்ணீர் பாட்டில் தூக்குவான். ஐ.எஸ்.எல். முதலாளி கோடியில் செய்வதை நாம் ஆயிரத்தில் செய்கிறோம்.

நானும் செய்தேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பைனல். என்னிடம் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான், மீன்காரர் வீட்டுப் பிள்ளை. கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் பந்து வந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான், கோல் எங்கே என்று முதுகுக்குத் தெரியும். அரையிறுதி வரை ஏழு கோல். பைனலுக்கு முந்தின நாள் கமிட்டி பெரியவர்கள் வந்து, "மாஸ்டர், எதிர்க்கட்சி வெளியாள் இறக்குறான், நாமளும் இறக்கணும்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. பையனை உட்கார வைத்தேன். 2-0 என்று ஜெயித்தோம். இரண்டும் வெளியாள் போட்டது. ராத்திரி பிரியாணி சாப்பிடும்போது பையனைத் தேடினேன், வீட்டுக்குப் போயிருந்தான். அடுத்த வருஷம் கடலுக்குப் போனான். அதற்கடுத்த வருஷம் சவூதி. போன பெருநாளுக்கு முன்னால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், தொப்பை போட்டிருந்தான். "என்ன சார், இன்னும் விசில்தானா?" என்று சிரித்தான். அந்தக் கோப்பை எந்த வீட்டுப் பரணில் கிடக்கிறதோ.

ஆகவே உங்கள் இரண்டு கட்சிக்கும் என் பதில்: ஜமீல் இருக்கட்டும், லீக் ஒழுங்காக ஓடும் ஒரு முழு சீசன் அவருக்குக் கிடைக்கட்டும், அதற்குப் பிறகும் முன்னிலை எடுத்தவுடன் பின்வாங்கினால் நானே உங்கள் மச்சான் கட்சிக்கு வந்துவிடுகிறேன். அதுவரை நீங்கள் ஆட்டம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், நம் முன்வரிசை ஆளை மட்டும் பாருங்கள். எதிராளியின் பெட்டிக்குள் அவர் எத்தனை முறை பந்தைத் தொடுகிறார் என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். நான் மூன்று ஆட்டம் போட்டுப் பார்த்தேன்; இரண்டு கை விரல் தேவைப்படவில்லை.

அப்புறம் உங்கள் ஊர் தடைக்காலப் போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது விதிகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒன்பதாம் நம்பர் ஜெர்சி பதினெட்டு வயதுக்குட்பட்ட உள்ளூர்ப் பையனுக்கு மட்டும், பைனல் உள்பட. கமிட்டியில் எதிர்ப்பு வரும். முதல் எதிர்ப்பு உங்கள் மச்சானிடமிருந்தே வரும் என்று நினைக்கிறேன்; போன வருஷம் உங்கள் ஊர் அணிக்கு கேரளாக்காரர்களைக் கூட்டி வந்தது அவர்தான் என்று என் காதுக்கும் வந்தது.